ஜெயித்தபோதும் அவன் ஏன் சிரிக்கவில்லை?

வணக்கம் ஐயா,

என் தம்பி கணக்கில் கெட்டிக்காரன். வேலை செய்யும் இடத்தில் வரவு செலவெல்லாம் அவன் பொறுப்புதான். கொஞ்ச காலமாக ஃபோனில் பணம் வைத்து ஆடுகிறான். ஒருநாள் ராத்திரி பெரிய தொகை ஜெயித்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவன் முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லை. கட்டைவிரல் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டது. விடிவதற்குள் அத்தனையும் போயிற்று. இது மூளைக் கோளாறா, திமிரா? இந்த ஒரு தடவை கடனை நாங்களே அடைத்துவிட்டால் திருந்துவானா?

ஓர் அக்கா (பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

பணத்தாசை மட்டும்தான் என்றால் அவன் அன்றைக்குத் துள்ளிக் குதித்திருப்பான். அந்தச் சிரிக்காத முகத்திலேயே பாதி பதில் இருக்கிறது.

மூளையில் சுரக்கும் டோபமைன் என்றால் இன்பம் தரும் ரசாயனம் என்று எழுதி எழுதி நம் மனதில் பதிய வைத்துவிட்டார்கள். விஷயம் அவ்வளவு சுலபமில்லை. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, அவற்றின் டோபமைன் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது அணுக்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, விளக்கைக் கண்டதும் துடித்தன. சாறு நாக்கில் பட்டபோது சும்மா இருந்தன. 2003இல் அவரது குழு இன்னொன்றையும் காட்டியது. சாறு நிச்சயம் வரும், அல்லது நிச்சயம் வராது என்றால் காத்திருக்கும் நேரத்தில் பெரிய மாற்றமில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்று வாய்ப்பு சரிபாதியாக இருந்தபோதுதான், அந்தக் காத்திருப்பு முழுக்கத் துடிப்பு மெல்ல மெல்ல ஏறியது.

உங்கள் தம்பி மாட்டிக்கொண்டிருப்பது இந்தக் காத்திருப்பில். ஜெயிப்பதும் தோற்பதும் அதை முடித்துவைக்கின்றன, அவ்வளவுதான். அடுத்த ஆட்டத்தைத் தொட்டால் அது மறுபடி தொடங்கிவிடும். வேண்டும் என்ற உந்துதலும் அனுபவிக்கும் சுகமும் மூளையில் ஒன்றல்ல. அடிமைத்தனத்தில் முதலாவது வளர்ந்துகொண்டே போகும், இரண்டாவது தேய்ந்தாலும்கூட.

சூதாட்டத்தை நடத்துகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 'அடடா, ஒரே ஒரு கட்டம் தள்ளிப் போய்விட்டதே' என்று தோன்றும் தோல்விகளைக் கவனியுங்கள். 2009இல் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர், சூதாட்டப் பழக்கமில்லாத சாதாரண ஆட்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, சுழலும் படங்கள் பொருந்தி நின்றால் ஜெயிப்பு என்ற ஆட்டத்தை ஆடவிட்டார்கள். மயிரிழையில் தவறியபோது, ஜெயித்தால் விழித்துக்கொள்ளும் அதே பகுதிகள் விழித்தன. ஆடியவர்களோ அது எரிச்சலாக இருந்தது என்றார்கள். ஆனாலும் படத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்த சுற்றுகளில், அந்த எரிச்சலுக்குப் பிறகு இன்னும் ஆடவேண்டும் போலிருந்தது என்றார்கள். தோல்வியே தூண்டில். கணக்குப் படித்தவனுக்கு நிகழ்தகவு தெரியும்தான். ஆனால் நள்ளிரவில் கட்டைவிரலை நகர்த்துவது அந்த அறிவு இல்லை.

திமிரா என்று கேட்டீர்கள். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் சில மாத்திரைகள் டோபமைன் செய்யும் வேலையைச் செய்பவை. வாழ்நாளில் சூதாட்டமே அறியாத சிலர் அவற்றைச் சாப்பிடத் தொடங்கியபின் சொத்தை இழக்கும் அளவுக்கு ஆடியிருக்கிறார்கள்; மருத்துவர் மருந்தைக் குறைத்ததும் பலருக்கு அந்த வெறி அடங்கியது. இதற்குத் திமிர் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும் 2013இல் தன் கையேட்டில் சூதாட்டத்தை மது, போதைப் பொருள்களோடு ஒரே அத்தியாயத்தில் சேர்த்துவிட்டது.

அதற்காக 'மூளை செய்கிறது, அவன் என்ன பண்ணுவான்' என்று விட்டுவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. பழகிய மூளையைத் திரும்பப் பழக்கலாம். எண்ணங்களையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் சிகிச்சை பலருக்குப் பலன் தருகிறது. சிலருக்கு மருத்துவர்கள் நால்ட்ரெக்ஸோன் மாத்திரையும் தருகிறார்கள். ஆனால் அவன் போய் உட்காரவேண்டும்.

கடன் விஷயம். அவன் கையில் பணம் கொடுக்காதீர்கள். மொத்தமாக அடைத்துவிட்டால் அவனுக்கு நிம்மதி வரும், புதுக்கடன் வாங்க வழியும் திறக்கும். உதவித்தான் ஆகவேண்டுமென்றால் கடன் கொடுத்தவரிடமே தவணையாகக் கட்டுங்கள். சம்பளக் கணக்கைக் கொஞ்ச காலம் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். ஆட்டச் செயலிகளைத் தடுக்கும் மென்பொருளை ஃபோனில் போடுங்கள். அவனைச் சம்மதிக்க வைத்துச் செய்யுங்கள். ஒளித்துச் செய்தால் அவன் வேறு ஃபோன் வாங்குவான்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. சூதாட்டக் கடனில் சிக்கியவர்களிடம் தற்கொலை எண்ணம் அதிகம். அவனிடம் நேராகவே கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதாடா?" கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள்; அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.