பிளாக் சப்பாத் தொகுப்புகள்: எதில் என்ன இருக்கிறது, எதில் என்ன இல்லை? (கேள்வி பதில்)

இங்கிலாந்து ராக் குழு பிளாக் சப்பாத்தின் 'தி அல்டிமேட் கலெக்‌ஷன்' பற்றிப் போன வாரம் நாலு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, முடிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன். எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. முப்பது வருடமாக இந்தக் குழுவைக் கேட்கிறேன், இசைத்தட்டு சேர்க்கிறேன். என் தகுதி அவ்வளவுதான்.

கல்லூரி மாணவர்: அண்ணா, சப்பாத் பாட்டு ஒன்றுகூட நான் முழுசாகக் கேட்டதில்லை. 'தி அல்டிமேட் கலெக்‌ஷன்' ஒன்றை வாங்கினால் மொத்தக் குழுவும் கைக்கு வந்துவிடுமா?

வராது தம்பி. பேரில்தான் அல்டிமேட். 2016-இல் வந்த இந்தத் தொகுப்பில் 31 பாட்டுகள். சி.டி. என்றால் இரண்டு, எல்.பி. என்றால் நாலு. எல்லாமே 1970 முதல் 1978 வரை ஓஸி ஆஸ்போர்ன் பாடிய எட்டு ஆல்பங்களின் காலத்தவை. குழு வெளியிட்ட ஸ்டூடியோ ஆல்பங்கள் மொத்தம் 19. மீதி பதினொன்றிலிருந்து மருந்துக்குக்கூட ஒன்று கிடையாது.

ஆனாலும் முதலில் இதைத்தான் வாங்கு என்பேன். ஹெவி மெட்டல் என்று பிற்பாடு உலகம் அழைத்த சங்கதியின் விதை முழுக்க அந்த எட்டு வருடத்தில் இருக்கிறது. ஒன்று மட்டும் செய். இதில் பாட்டுகள் வருட வரிசையில் இல்லை. நீயே வரிசையை மாற்றிக் கேள். 1970-இல் மழைச் சத்தத்தோடு தொடங்கிய குழு 1978-இல் எங்கே போய் நிற்கிறது என்பது அப்போதுதான் காதில் விழும்.

ஐ.டி.யில் வேலை பார்ப்பவர்: 19 ஆல்பத்துக்கும் சேர்த்து ஒரே தொகுப்பு போட என்ன தடை?

முதல் காரணம், உரிமைகள் சிதறிக் கிடக்கின்றன. ஆரம்ப ஆல்பங்களை வெளியிட்ட கம்பெனி இங்கிலாந்தில் வெர்டிகோ, அமெரிக்காவில் வார்னர் பிரதர்ஸ். எண்பதுகளின் கடைசியில் ஐ.ஆர்.எஸ். என்ற கம்பெனிக்குப் போனார்கள். இரண்டாவது காரணம் பாடகர்கள். ஓஸி, ரோனி ஜேம்ஸ் டியோ, இயன் கில்லன், க்ளென் ஹ்யூஸ், டோனி மார்ட்டின் என்று ஐந்து குரல்கள். அதனால் சப்பாத் தொகுப்புகள் எல்லாமே ஒரு பாடகரைச் சுற்றியோ ஒரு கம்பெனியைச் சுற்றியோ கோடு போட்டவை. அட்டையில் என்ன எழுதியிருந்தாலும், உள்ளே பாடுவது யார் என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் ஒரு கடையில் பதிவு செய்து கொடுத்த கேசட் என் முதல் சப்பாத். ஏ பக்கம் ஓஸி, பி பக்கம் டியோ. லேபிளில் 'பெஸ்ட் ஆஃப்' என்பதைத் தவிர ஒரு எழுத்து இல்லை. ஒரே ஆள்தான் இரண்டு பக்கமும் பாடுகிறார், நடுவில் எங்கோ சங்கீதம் கற்றுக்கொண்டு வந்துவிட்டார் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

மாமா வீட்டுப் பரணில் எல்.பி. கண்டெடுத்தவர்: 'வீ சோல்ட் அவர் சோல் ஃபார் ராக் அண்ட் ரோல்' என்று போட்டிருக்கிறது, இரண்டு தட்டு. மதிப்பு உள்ளதா?

உள்ளது. அது அவர்களுடைய முதல் தொகுப்பு. 1975 டிசம்பரில் இங்கிலாந்திலும், அடுத்த வருடத் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் வந்தது. பழைய மேலாளரோடு குழு கோர்ட் படி ஏறிக்கொண்டிருந்த நேரம். அந்தக் கடுப்பு முழுவதும் அதே 1975-இல் வந்த 'சபோட்டாஜ்' ஆல்பத்தில் கொட்டிக் கிடக்கிறது. 'த ரிட்' என்று ஒரு பாட்டே வக்கீல் நோட்டீஸைப் பற்றியது.

இந்தத் தொகுப்பில் எனக்கு ஒரு குறை உண்டு. முதல் நாலு ஆல்பங்களிலிருந்து அள்ளிப் போட்டவர்கள், ஐந்தாவது, ஆறாவது ஆல்பங்களிலிருந்து ஆளுக்கு ஒரு பாட்டுதான் எடுத்தார்கள். 'சபோட்டாஜ்' ஆல்பத்தில் 'சிம்டம் ஆஃப் த யூனிவர்ஸ்' இருக்கும்போது, அதை விட்டுவிட்டு 'ஆம் ஐ கோயிங் இன்சேன்' போட்டிருக்கிறார்கள். அந்தப் பாட்டின் பேருக்குப் பின்னால் 'ரேடியோ' என்று இருப்பதைப் பார்த்து, வானொலிக்காக வெட்டிய வடிவமோ என்று பலர் கேட்பார்கள். இல்லை. 'ரேடியோ ரென்டல்' என்பது 'மென்டல்' என்பதற்கு எதுகையாக இங்கிலாந்துக்காரர்கள் சொல்லும் கொச்சை. அதில் பாதியை மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

மறுபக்கம், 'விக்கெட் வேர்ல்ட்' இதில் இருப்பது பெரிய விஷயம். இங்கிலாந்தில் அது சிங்கிள் என்ற ஒற்றைப் பாட்டுத் தட்டின் பின்பக்கமாக மட்டும் வந்த பாட்டு. அமெரிக்காவில் முதல் ஆல்பத்திலேயே இருந்தது. விற்கும் எண்ணம் இருந்தால் அட்டையை விடத் தட்டைப் பாருங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கீறல் தெரியும். விற்காதீர்கள் என்பது என் கட்சி.

லேத் பட்டறை வைத்திருப்பவர்: கிட்டார்காரருக்கு மிஷினில் விரல் போனது உண்மையா? எங்கள் தொழிலில் இது அடிக்கடி நடப்பது, அதனால் கேட்கிறேன்.

உண்மைதான் அண்ணே. டோனி அயோமி, பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதிக்காரர். பதினேழு வயதில் தகரப் பட்டறை வேலை. வாசிப்பையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து வேலையை விட்ட கடைசி நாள் அது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், திரும்பப் போக மனமில்லாமல் இருந்திருக்கிறார். ஒழுங்காகப் போய் நாளை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பினார். அன்றைக்குத் தகடு அழுத்தும் மிஷின்காரர் வரவில்லை. பழக்கமில்லாத இவரை அதில் நிறுத்தினார்கள். மிஷின் வலது கையில் இறங்கியது. இவர் பதறிக் கையை இழுத்ததில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. அவர் இடக்கைக்காரர். அதனால் கம்பியை அழுத்த வேண்டிய கையே அந்த வலது கைதான்.

பட்டறை மேலாளர் ஒரு இசைத்தட்டு கொண்டுவந்து கொடுத்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. தீ விபத்துக்குப் பிறகு இரண்டே விரலால் கம்பியில் ஓடியவர் அவர். அப்புறம் அயோமி செய்தது முழுக்க உங்கள் தொழில். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, உருட்டி, சூட்டுக்கோலால் குழி போட்டு, உப்புத்தாளால் தேய்த்து விரலுக்குத் தொப்பி செய்தார். வெறும் பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கியது. மேலே தோல் துண்டை ஒட்டினார். கனமான கம்பி வலித்தது. மெல்லிய கம்பிக்கு பேஞ்ஜோ கம்பியை மாட்டினார். 1971-இன் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் கம்பிகளை மூன்று அரைச்சுரம் தளர்த்தி இறக்கினார். தளர்ந்த கம்பி விரலுக்கு இதம், காதுக்குக் கனம். தொகுப்பில் 'சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்' வரும்போது கவனித்துக் கேளுங்கள். இன்று மெட்டல் குழு என்றாலே கம்பியை இறக்கித்தான் வாசிக்கிறார்கள்.

பாட்டு டீச்சர்: என் மகன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இதைத்தான் போடுகிறான். சாத்தான் சங்கீதம் என்கிறார்களே, உண்மையா சார்?

அம்மா, நீங்கள் பாட்டு டீச்சர் என்பதால் சுரத்திலேயே சொல்கிறேன். குழுவின் பேரிலேயே அமைந்த முதல் பாட்டின் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, மூன்றே சுரம்: கீழ் ஸ, மேல் ஸ, பிறகு பிரதி மத்யமம். ஐரோப்பாவில் இந்த இடைவெளிக்குப் 'பிசாசு' என்று பட்டப் பெயர் உண்டு. நமக்கோ அது கல்யாணியின் ம. 72 மேளகர்த்தா ராகங்களில் 36 ராகங்களில் இருப்பது. வித்தியாசம் எங்கே என்றால், நாம் அந்த ம-வைப் பிடித்துப் பஞ்சமத்தில் கொண்டுபோய் உட்கார வைப்போம். அயோமி அங்கேயே நிறுத்தி, உதறி, தொங்கவிட்டுவிடுகிறார். வீட்டுக்குப் போகாத சுரம் அது. பயம் அங்கிருந்துதான் வருகிறது. ஒரு நாள் உங்கள் தம்புராவை மீட்டிக்கொண்டு மகனை அதைப் பாடச் சொல்லுங்கள்.

குழுவுக்குப் பேர் வந்தது ஒரு பேய்ப் படத்திலிருந்து. ஒத்திகை அறைக்கு எதிர்த் தியேட்டரில் அந்தப் படத்துக்குக் கூட்டம் வரிசையில் நின்றதைப் பார்த்து, பயப்படுவதற்குக்கூட ஜனங்கள் காசு கொடுக்கிறார்களே என்று யோசித்தார்கள். பாட்டுகளைப் பெரும்பாலும் எழுதிய பேஸ் கிட்டார்காரர் கீசர் பட்லர், ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. கழுத்தில் தொங்கிய சிலுவைகள் ஓஸியின் அப்பா செய்து கொடுத்தவை. 'வார் பிக்ஸ்' போரை நடத்தும் பெரிய மனிதர்களைத் திட்டும் பாட்டு. 'ஹேண்ட் ஆஃப் டூம்' வியட்நாமிலிருந்து போதை ஊசிப் பழக்கத்தோடு திரும்பிய சிப்பாய்களைப் பற்றியது. கதவைத் தட்டிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், அது வேறு விஷயம்.

கேள்வி: 'வார் பிக்ஸ்' பக்கத்தில் சில தட்டுகளில் 'லூக்ஸ் வால்' என்று கூடுதல் பேர் இருக்கிறதே?

அதே பாட்டின் கடைசிப் பகுதிதான். பாட்டுகள் நீளமாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருந்ததால், அமெரிக்கப் பதிப்புகளில் ஒரே பாட்டின் பகுதிகளுக்குத் தனிப் பேர் வைத்துக் கணக்கைக் கூட்டினார்கள். அந்த முடிவில் நாடா வேகமெடுப்பது தயாரிப்பாளர் ராட்ஜர் பெய்ன் காலத்துக் குறும்பு.

கேள்வி: ரீமாஸ்டர் என்றால் நல்லதுதானே? புதுசாக வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம், காதைத் திறந்துகொண்டு வாங்குங்கள். பழைய பதிவின் ஒலியைத் திருத்தி மறுபடி வெளியிடுவதுதான் ரீமாஸ்டர். சில ரீமாஸ்டர்களில் மெல்லிய ஒலியைத் தூக்கி, பலத்த ஒலியோடு சமமாக்கிவிடுவார்கள். சப்பாத்துக்கு அது விஷம். முதல் ஆல்பம் 1969 அக்டோபரில் ஏறக்குறைய ஒரே நாளில், மேடையில் வாசிப்பது போல வாசித்துப் பதிவானது. அதில் மழை, மணி, அப்புறம் திடுமென்று இறங்கும் கிட்டார். மழையும் கிட்டாரும் ஒரே உயரத்தில் கேட்டால் திடுக்கிட என்ன இருக்கிறது? கடையில் போட்டுக் கேட்க விட்டால் அந்த முதல் ஒரு நிமிடத்தைக் கேளுங்கள், போதும். 2016 தொகுப்பு இதில் பரவாயில்லை.

டியோ ரசிகர்: எங்கள் ஆளை ஏன் எல்லோரும் ஓரம் கட்டுகிறீர்கள்?

நான் கட்டவில்லை! 2007-இல் வந்த 'த டியோ இயர்ஸ்' எனக்கு மிகவும் பிடித்த தொகுப்பு. பழைய பாட்டுகளைத் திரும்ப விற்பதோடு நிற்காத தொகுப்பு அது. 1980-இன் 'ஹெவன் அண்ட் ஹெல்' உட்பட மூன்று ஆல்பங்களின் பாட்டுகளோடு, புதிதாக மூன்று பாட்டு சேர்க்கலாம் என்று டியோவும் அயோமியும் பட்லரும் டிரம்ஸ் வின்னி அப்பீஸும் கூடினார்கள். கூடியவர்கள் பிரியவில்லை. ஓஸி காலக் குழுவுக்குச் சப்பாத் பேரை விட்டுவிட்டு 'ஹெவன் அண்ட் ஹெல்' என்ற பேரில் ஊர் ஊராக வாசித்து, 2009-இல் 'த டெவில் யூ நோ' என்று முழு ஆல்பமே போட்டார்கள். அடுத்த வருடம் மே மாதம் புற்றுநோயில் டியோ போய்விட்டார். தொகுப்புக்காகச் சேராமல் இருந்திருந்தால் அந்த மூன்று வருடம் நமக்குக் கிடைத்திருக்காது.

கேள்வி: டோனி மார்ட்டின் காலத்துக்கு எது?

ஓஸிக்கு அடுத்து அதிக ஆல்பம் பாடியவர் அவர்தான், ஐந்து. டியோவே மூன்றுதான். ஆனாலும் அந்த ஆல்பங்கள் வெகுகாலம் கடையில் கிடைக்கவே இல்லை. 1996-இன் 'த சப்பாத் ஸ்டோன்ஸ்' தொகுப்பு பழைய கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். இல்லையென்றால் 2024-இல் வந்த 'அன்னோ டோமினி' பெட்டி. ஐந்தில் நாலு ஆல்பம் முழுசாக இருக்கிறது. எல்லோரும் திட்டித் தீர்த்த 'ஃபர்பிடன்' ஆல்பத்தை அயோமியே புதிதாக மிக்ஸ் செய்திருக்கிறார். டிரம்ஸ் இப்போதுதான் டிரம்ஸ் மாதிரிக் கேட்கிறது. பாட்டுகள் என்னவோ அதே பாட்டுகள்தான்.

கேள்வி: முழுப் பயணத்துக்கும் நீங்களே ஒரு தொகுப்பு போட்டால்?

போட்டு வைத்திருக்கிறேன், ஒரு பெரிய பஸ் பயணத்துக்குச் சரியாக வரும். ஓஸி காலத்தில் 'பிளாக் சப்பாத்', 'வார் பிக்ஸ்', 'இன்டு த வாய்ட்', 'சிம்டம் ஆஃப் த யூனிவர்ஸ்'. 'பாரனாய்ட்' இல்லை, இடம் நிரப்ப அவசரத்தில் எழுதிய பாட்டு, அது இல்லாத ஓஸி காலத் தொகுப்பே உலகத்தில் இல்லை, எனவே என்னிடம் ஒன்று இருக்கட்டும். டியோவுக்கு 'ஹெவன் அண்ட் ஹெல்', கில்லனுக்கு 'டிஸ்டர்பிங் த ப்ரீஸ்ட்', மார்ட்டினுக்கு 'ஹெட்லெஸ் கிராஸ்'. ஹ்யூஸ் ரசிகர்கள் மன்னிக்க வேண்டும்.

கடைசிப் பாட்டு, 2013-இல் ஓஸி திரும்பி வந்து பாடிய '13' ஆல்பத்தின் 'டியர் ஃபாதர்'. 2025 ஜூலை 5-ஆம் தேதி ஆஸ்டனிலேயே, வில்லா பார்க் மைதானத்தில், பழைய நால்வரும் கடைசியாக ஒன்றாக வாசித்து, 22-ஆம் தேதி ஓஸி காலமான பிறகு, இந்தப் பாட்டு முடியும் இடத்தில் நான் அடுத்த பொத்தானை அமுக்குவதில்லை. கிட்டார் நின்றதும் மழை கேட்கும், இடி கேட்கும், தூரத்தில் கோவில் மணி. 1970-இல் முதல் ஆல்பம் தொடங்கிய அதே சத்தங்கள். பட்டியலை முதலிலிருந்து ஓடும்படி வைத்திருந்தால், எது முடிந்தது எது தொடங்கியது என்று கொஞ்ச நேரம் தெரியாது.