கார் பெயின்ட் கீறலை எடுக்க எந்த பாலிஷிங் மெஷின் வாங்கலாம்? வீட்டிலேயே செய்ய முடியுமா?

வீட்டிலேயே செய்யலாம். ஆனால் ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்ச ரூபாய்க்கு நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அந்த மெஷினை மட்டும் வாங்காதீர்கள்.

நீங்கள் கொடுத்த விவரம் இது: குளச்சல் பக்கம் வீடு, கறுப்பு ஹேட்ச்பேக், வெயில் பட்டால் பானட்டில் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள், இடப்பக்கக் கதவுகளில் செடி உரசிய கீறல்கள். தக்கலையில் கார் பாலிஷ் வேலைதான் எனக்குப் பிழைப்பு. உங்கள் பக்கத்து வண்டிகள் நிறைய வரும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், மெஷினுக்கு முன்னால் பெயின்ட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். எந்த மெஷின் என்பது அப்புறம் தானாகவே விளங்கிவிடும்.

இப்போதைய கார்களில் தகரத்தின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், அதற்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட். கம்பெனியில் அடித்து வரும் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான்தான். அதில் கிளியர் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். நாம் காலையில் புரட்டும் பேப்பரின் ஒரு தாளை விடவும் மெல்லிசு அந்தக் கிளியர்.

பாலிஷ் போட்டால் கீறல் நிரம்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிரம்பாது. கீறலைச் சுற்றி இருக்கும் கிளியரை, அந்தக் கீறலின் அடிமட்டம் வரைக்கும் தேய்த்து இறக்குகிறோம். அவ்வளவுதான் நடக்கிறது. தேய்த்து எடுத்தது திரும்ப வராது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சரக்கும் அந்தக் கிளியருக்குள்தான் கலந்திருக்கிறது. அடிக்கடி ரப்பிங் போட்ட வண்டிகளைப் பாருங்கள், சில வருஷத்தில் கூரையிலும் பானட்டிலும் வெள்ளை பூத்து, பொருக்குப் பொருக்காக உரியத் தொடங்கும். அதனால் மெஷின் வாங்கும்போது 'எது வேகமாக வெட்டும்' என்று கேட்காதீர்கள். எது குறைவாக எடுத்துக்கொண்டு வேலையை முடிக்கும், கை தவறினாலும் எது பெயின்ட்டை விட்டுவைக்கும் என்று கேளுங்கள்.

இனி உங்கள் பானட்டுக் கோடுகள். குளச்சலில் இருந்து ஒரு பெரியவர், உங்கள் வண்டி போலவே கறுப்பு வண்டியைக் கொண்டு வந்தார். "தம்பி, நான் டெய்லி காலத்த தொடச்சுட்டுதான் வண்டி எடுக்கது. பின்ன எப்படி இம்புட்டுக் கோடு?" என்று கேட்டார். துடைக்கிற துண்டு எங்கே அண்ணாச்சி என்றேன். டிக்கியில் இருந்து எடுத்துத் தந்தார். உள்ளங்கையில் வைத்து உதறினால் கறுப்பும் இளஞ்சிவப்புமாகப் பொடி மணல் உதிர்ந்தது. குளச்சலுக்குப் பக்கத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட் என்று தாதுக்கள் எல்லாம் கிடப்பது நமக்குத் தெரிந்ததுதான், அதைப் பிரிக்கத்தானே அங்கே ஐ.ஆர்.இ. ஆலை இருக்கிறது. அந்தச் சிவப்பு கார்னெட், உப்புத்தாள் செய்வதற்கே பயன்படுகிற கல். கடற்காற்றோடு வந்து வண்டியில் படிந்த தூசியை உலர்ந்த துண்டால் வட்டமாகத் துடைத்தால் கோடு விழத்தான் செய்யும். இந்தப் பழக்கத்தை விடாமல் மெஷின் வாங்கினால், ஒவ்வொரு வருஷமும் கிளியரைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டி வரும். முதலில் தண்ணீரை அடித்து மணலை இறக்குங்கள், பிறகு ஷாம்பு போடுங்கள். துணி கடைசியில்தான்.

சரி, மெஷின்.

உங்கள் விலைக்கு இரண்டு சாமான்கள் கிடைக்கும். ஒன்று, பெரிய வட்டத் தலையில் டவல் உறை மாட்டிய மெஷின். அது வாக்ஸ் பரப்புவதற்கானது, கீறலை ஒன்றும் செய்யாது. மற்றது, நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டரில் ஸ்பாஞ்ச் மாட்டி 'பாலிஷர்' என்று விற்பது. கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும், இரும்பு அறுக்கிற வேகம் அது. பெயின்ட்டில் வைத்தால் எரித்துவிடும். டிரில்லிங் மெஷினில் மாட்டும் ஸ்பாஞ்சும் ஹெட்லைட் மஞ்சள் எடுக்க மட்டும்தான் உதவும். கதவு, பானட் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

பட்டறைகளில் காலங்காலமாக இருப்பது ரோட்டரி. தட்டு ஒரே அச்சில் சுற்றும், வேகம் சுமார் 600 முதல் 3000 சுற்று. கை பழகிய ஆளிடம் அருமையாக வேலை செய்யும், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் மோட்டாரின் விசை முழுவதும் தட்டில் ஒட்டும் பேடுக்கு வருவதால், ஒரே இடத்தில் கொஞ்சம் நின்றாலும் சூடு ஏறிவிடும். கதவு விளிம்பில், பானட் மடிப்பில் பெயின்ட் ஏற்கெனவே மெல்லிசாக இருக்கும். அங்கே பட்டால் நிறமே துணியில் வந்துவிடும். இன்னொன்று ஹோலோகிராம். பாலிஷ் போட்டு எடுக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்த வண்டி, இரண்டு வாஷ் முடிந்ததும் வெயிலில் அலை அலையாக நிழல் காட்டும். தேய்க்கப் பூசும் காம்பவுண்டில் இருந்த எண்ணெய் அதுவரை அந்தக் கோடுகளை மறைத்து வைத்திருக்கும். இப்படி வேறு எங்கோ செய்துவிட்டு என்னிடம் வரும் வண்டிகளில் கறுப்புதான் அதிகம்.

வீட்டில் செய்கிறவருக்கு நான் சொல்வது டியூயல் ஆக்‌ஷன் மெஷின், சுருக்கமாக டி.ஏ. இதில் தட்டு தானும் சுற்றும், மையம் விலகிச் சிறு வட்டத்திலும் ஓடும். தட்டு ஒரு பேரிங்கில் சும்மா மாட்டியிருப்பதால், நீங்கள் அளவுக்கு மேல் அழுத்தினாலோ விளிம்பில் சாய்த்துப் பிடித்தாலோ சுற்று நின்றுவிடும், அதிர்வு மட்டும் இருக்கும். பெயின்ட் தப்பிக்கும். வேலை மெதுவாகத்தான் நடக்கும். உங்கள் சொந்த வண்டிக்கு அந்த மெதுவே நல்லது.

டி.ஏ. மெஷினில் 8, 15, 21 என்று மில்லிமீட்டரில் ஓர் எண் போட்டிருப்பார்கள், த்ரோ என்பார்கள். சிறு வட்டத்தின் அளவு அது. 21 பெரிய சமதளத்துக்கு வேகமாக ஓடும். இன்னோவா கூரைக்கு நல்லது, வளைவில் நின்று நின்று போகும். ஹேட்ச்பேக்கில் சமதளம் எங்கே இருக்கிறது? கதவில் மடிப்பு, பம்பரில் வளைவு, பானட்டில் வரிகள். ஐந்து அங்குலத் தட்டோடு 15, இல்லையென்றால் 8 அல்லது 9 எடுங்கள். கியர் மூலம் கட்டாயமாகச் சுற்றும் வகை ஒன்றும் உண்டு, அது தொழில் செய்கிறவர்களுக்கு. இத்தாலி ரூப்பஸ் மாதிரியான மெஷின்களும் அருமையானவைதான், ஒரு காருக்காக அவ்வளவு முதல் போட வேண்டியதில்லை.

கடையில் வாங்கினால் பிளக்கில் போட்டு ஓட விட்டுக் கையில் பிடித்துப் பாருங்கள். மெதுவாகத் தொடங்க வேண்டும், வேக டயல் இருக்க வேண்டும், 700 முதல் 900 வாட்ஸ் போதும். கதவுப் பக்கம் வேலை செய்யும்போது எடை முழுவதும் தோளில்தான் விழும், அதனால் இரண்டரைக் கிலோவுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. பேடு ஒட்டும் தட்டான பேக்கிங் பிளேட்டும், மோட்டாருக்குள் தேயும் கார்பன் பிரஷும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். சூட்டில் முதலில் போவது அந்த பிளேட்டின் வெல்க்ரோதான்.

மிச்சம் பிடிக்கிற பணத்தைப் பேடில் போடுங்கள். மெஷின் என்னவோ ஒன்றுதான், வெட்டுவதும் மினுக்குவதும் பேடும் திரவமும்தான். நடுத்தர ஃபோம் பேடு நான்கு, மென்மையானது இரண்டு, நடுத்தர பாலிஷ் ஒரு பாட்டில். கம்பளிப் பேடும் கனமான கட்டிங் காம்பவுண்டும் இப்போது வாங்காதீர்கள். பேடின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஒரு கம்பெனியின் ஆரஞ்சு இன்னொரு கம்பெனியின் மஞ்சள்.

வண்டியைக் கழுவிய பிறகு ஈரத்தோடு கையால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் ஒட்டிய பொடியை இழுத்து எடுக்கும் களிமண் மாதிரியான கட்டி, கிளே பார், போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பொடியையும் சேர்த்துத் தேய்ப்பீர்கள். கிளே தரையில் விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், கதவு விளிம்பு, பானட் மடிப்பு எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஆடிக் காற்றடிக்கும் நாளில் திறந்த முற்றத்தில் இந்த வேலை வேண்டாம். போர்ட்டிகோவின் காற்று வரும் பக்கம் படுதா கட்டி, சுற்றிலும் தரையில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும். வயரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் ஈரத்தில் படாமல் தூக்கி வையுங்கள், காலில் செருப்பு இருக்கட்டும். தகடு வெயிலில் சூடாகி இருந்தால் ஆறும்வரை பொறுங்கள்.

முழு பானட்டிலும் இறங்காதீர்கள். ஓர் ஓரத்தில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சோதனை இடம் எடுங்கள். பேடில் பட்டாணி அளவில் நான்கைந்து சொட்டு. மெஷினை நிறுத்தி வைத்தபடியே பெயின்ட்டில் ஒற்றி, பிறகு குறைந்த வேகத்தில் பரப்புங்கள். டயலை நான்கு அல்லது ஐந்தில் வைத்து, விநாடிக்கு ஓர் அங்குலம் நகர்கிற மாதிரி, ஒரு தடம் மறு தடத்தில் பாதி ஏறும்படி, கிடைமட்டமாக ஒருமுறை, செங்குத்தாக ஒருமுறை என்று மாற்றி மாற்றி நான்கைந்து சுற்றுப் போங்கள். பேடு தட்டையாகவே இருக்கட்டும். பேக்கிங் பிளேட்டின் பக்கவாட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் அழுத்தம் சரி. கோடு ஒரே இடத்தில் நடுங்கினால் கையைத் தளர்த்துங்கள். தகடு கை வைக்கும்படியான இளஞ்சூட்டோடு நிற்க வேண்டும். பம்பர் பிளாஸ்டிக், சூட்டைக் கடத்தாது, அங்கே இன்னும் லேசாகத்தான்.

துடைக்கப் புதிய மைக்ரோஃபைபர் துணி மட்டும். பட்டறை பனியன் வேஸ்ட் வேண்டாம். அதன் தையலே கறுப்பில் கோடு போடும். அதன்பின் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தெளித்துத் துடையுங்கள், பாலிஷ் எண்ணெய் போய்விடும். இப்போது போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள், நிஜ நிலவரம் தெரியும். முக்கால்வாசிக் கோடு போயிருந்தால் நிறுத்திக்கொண்டு, அதே முறையில் மற்ற இடங்களைச் செய்யுங்கள். நூற்றுக்கு நூறு வேண்டும் என்று அடுத்த கட்டிங்குக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பேடைப் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். நான்கைந்து கட்டத்துக்கு ஒருமுறை பேடை மாற்றுங்கள். ஊறிப்போன பேடு சூடு மட்டும்தான் தரும். கடைசியாக மென்மையான பேடு ஒரு சுற்று, கறுப்புக்கு அது அவசியம். முதல் தடவை என்றால் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பேடை அன்றைக்கே சோப்பில் அலசி நிழலில் காய வையுங்கள். ஐப்பசி மழையில் ஈரத்தோடு மூடி வைத்தால் பூசணம் பிடித்துவிடும்.

வண்டி செகண்ட் ஹேண்டாக வாங்கியது என்றால் ஒரு எச்சரிக்கை. களியக்காவிளை தாண்டிக் கேரளத்தில் வாங்கி வரும் வண்டிகளில் கதவோ பானட்டோ மறுபெயின்ட் அடித்திருப்பது சாதாரணம். பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் வைத்தால் 200, 300 என்று காட்டும். அடியில் பள்ளம் நிரப்பப் பூசிய பட்டியும் பழைய பெயின்ட்டும் இருப்பதால் வரும் கணக்கு அது, கிளியர் தடிமனாக இருப்பதாக நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள்.

இடப்பக்கக் கதவுகளைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் கை பழகியிருக்கும். குலசேகரம், அருமனை பக்கத்துக் குறுகிய ரோட்டில் எதிரே பஸ் வந்து ஒதுங்கினால் எல்லா வண்டிக்கும் விழுகிற கீறல்தான் அது. கதவை நனைத்துப் பாருங்கள். தண்ணீர் பட்டதும் மறைகிற கோடு கிளியருக்குள்தான் இருக்கிறது, மெஷினில் போகும். நகத்தைக் குறுக்கே இழுத்தால் மாட்டுகிற கோட்டை முழுசாக எடுக்கப் பார்க்காதீர்கள். விளிம்பு மழுங்கி, கண்ணுக்குக் குறைவாகத் தெரிந்தால் போதும். உள்ளே சாம்பலோ வெள்ளையோ தெரிந்தால் பிரைமர் வரை போய்விட்டது, தகரம் மின்னினால் அதற்கும் கீழே. அந்த இடத்தில் மெஷினுக்கு வேலை இல்லை. கதவுத் தூணிலோ பானட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெயின்ட்டின் குறியீட்டு எண் இருக்கும். அந்த எண்ணைச் சொல்லி டச்சப் பெயின்ட் வாங்கி, பல்குத்தும் குச்சி நுனியால் கீறலுக்குள் மட்டும் விடுங்கள். தகரம் தெரிகிற கீறலை பாலிஷ் நாள் வரைக்கும் காக்க வைக்க வேண்டாம், இந்த வாரமே மூடுங்கள். உப்புக்காற்றில் குளச்சலில் துரு ஏற நாள் ஆகாது. எது எந்த வகை என்று சந்தேகமாக இருந்தால், கதவை நனைப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.