மெட்டு எங்கே போனது?

அன்புள்ள ஐயா,

ஜாஸ் கேட்கத் தொடங்குபவர்களுக்கு சாக்ஸபோன் கலைஞர் வெய்ன் ஷார்ட்டரின் ‘ஸ்பீக் நோ ஈவில்’ தொகுப்பைச் சிபாரிசு செய்திருந்தீர்கள். மூன்று முறை கேட்டேன். ஒவ்வொரு பாட்டிலும் தொடக்கம் பிடிக்கிறது. அப்புறம் ஆளாளுக்கு ஒரு பக்கம் போய்விடுகிறார்கள். கச்சேரி கேட்டுப் பழகிய எனக்கு மெட்டு எங்கே போனது என்றே தெரியவில்லை. இதை எப்படிக் கேட்பது?

ர.

அன்புள்ள ர.,

மெட்டு அடியில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. கச்சேரியில் ஒரே வரியை விதவிதமாகப் பாடும் நிரவலில் தாளம் சுற்றிச் சுற்றி வருகிறது அல்லவா? ஜாஸில் தாளத்தோடு கார்டுகளின் (chord, ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) வரிசையும் சேர்ந்து சுற்றுகிறது. மெட்டு ஒருமுறை முடிந்ததும் அதே வரிசை முதலிலிருந்து தொடங்கும். அதன்மேல் ஒருவர் மாற்றி ஒருவர் புதிதாகக் கட்டுகிறார்கள். ஷார்ட்டர் தனியே வாசிக்கும்போது தொடக்க மெட்டை மனசுக்குள் பாடிக்கொண்டே இருங்கள். ஹெர்பி ஹான்காக்கின் பியானோவும் ரான் கார்ட்டரின் பாஸ் என்னும் கனத்த குரல் தந்தி வாத்தியமும் உங்களுக்குத் துணை வரும். எனக்கு அப்படித்தான் பிடிபட்டது.

ஆனால் நீங்கள் தடுமாறியதில் நியாயம் இருக்கிறது. பழைய ஜாஸ் பாட்டுகளில் அடுத்த கார்டு எது, எங்கே வந்து நிற்கும் என்று காது முன்னாலேயே சொல்லிவிடும். ஷார்ட்டர் அந்தப் பழக்கத்தைத்தான் தளர்த்துகிறார்.

சரி, நான்காவது முறை முதல் பாட்டிலிருந்து கேட்காதீர்கள். நேராக ‘இன்ஃபன்ட் ஐஸ்’ஸுக்குப் போங்கள். தன் மகளுக்காக அவர் எழுதியது. மற்ற பாட்டுகளில் வரும் ஃப்ரெடி ஹப்பர்டின் டிரம்பெட் இதில் கிடையாது. பெரும்பாலான ஜாஸ் மெட்டுகள் எட்டெட்டு அளவாகக் கட்டப்பட்டிருக்கும், ஓர் அளவுக்கு நான்கு தட்டு. இதிலோ ஒன்பது ஒன்பதாக மூன்று பகுதி, மொத்தம் 27 அளவு. அந்த ஒன்பதாவது அளவு வரும்போதெல்லாம், தூங்கிவிட்ட குழந்தையின் பக்கத்திலிருந்து எழ மனமில்லாமல் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும் ஒரு தகப்பன் என் கண்முன் வருகிறார். நீண்ட சுரங்களாகப் பிடித்து நிறுத்துகிறார் ஷார்ட்டர். வேகம் காட்டும் ஆசையே அவருக்கு இல்லை.

டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸையும் கவனியுங்கள். இந்தத் தொகுப்பு 1964 டிசம்பர் 24 அன்று, நியூஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் பதிவானது. பதினைந்து நாள் முன்பு, டிசம்பர் 9 அன்று, அதே ஸ்டுடியோவில் இன்னொரு சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ பதிவில் வாசித்தவரும் இதே எல்வின்தான். அங்கே அப்படிப் பொங்கியவர் இந்தப் பாட்டில் எவ்வளவு அடங்கி வாசிக்கிறார்! இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் சிலிர்க்கும்.

அதற்கப்புறம் முதல் பாட்டான ‘விட்ச் ஹன்ட்’டுக்குத் திரும்புங்கள். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் சேர்ந்து வாசிக்கும் அந்தத் தொடக்கம் வாயில் பாட வரும்வரை அதை மட்டும் திருப்பித் திருப்பிப் போடுங்கள். பாட வந்தபின் மேலே போகலாம். கேட்டுவிட்டு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.