நீல ஐ.சி.க்கு மனு போடலாமா?

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். என் பிரச்சினையை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். என் கணவர் எனக்காக மலேசியக் குடியுரிமை (அதாவது குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை, 'நீல ஐ.சி.') மனுவை நிரப்பி, நான் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் குறி போட்டு மேசையில் வைத்திருக்கிறார். சீனப் பெருநாளுக்கு முன்னால் வைத்தது. இப்போது தீபாவளியே வரப்போகிறது. நான் இன்னும் போடவில்லை.

சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்த கையோடு 2006இல் கல்யாணமாகி மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வந்தேன். கணவர் ஒரு செம்பனை ஆலையில் கிராணி (குமாஸ்தா). மாமனார் காலம்வரை தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்த குடும்பம். நான் வருவதற்குள் டவுனில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு வாங்கிக் குடிவந்துவிட்டார்கள். மகள் இந்த வருஷம் எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) எழுதுகிறாள். மகன் படிவம் ஒன்று (இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பு).

வாழ்க்கையில் குறை என்று பெரிதாக இல்லை. கணவர் அதிர்ந்து பேசமாட்டார். பிள்ளைகள் காந்தி கலாசாலையில் தமிழ் படித்தார்கள், மலாய், ஆங்கிலம், கொஞ்சம் சீனம்கூடப் பேசுகிறார்கள். நான் கார் ஓட்டக் கற்றதே இங்கேதான். பாசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) ராத்திரி தனியாகப் போய்வருகிறேன். ஊரில் தம்பி பெண்டாட்டி பொழுது சாய்ந்தபின் கடைத்தெருவுக்குப் போகவேண்டுமானால் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு போகவேண்டும். யார் யாருக்கு முறை செய்யவில்லை, யார் பத்திரிகை வைக்கவில்லை என்கிற பஞ்சாயத்து எதுவும் கடல் தாண்டி என் வீட்டுக்கு வருவதில்லை. இந்த நிம்மதி எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஆனால் முதல் பதினோரு வருஷம் என் பாஸ்போர்ட்டில் எந்த வேலையும் செய்யக்கூடாது என்று முத்திரை இருந்தது. விசா புதுப்பிக்க ஈப்போ இமிகிரேஷனுக்குப் போகும்போதெல்லாம் கணவரும் லீவு போட்டுக் கூட வரவேண்டும். 2017இல் நிரந்தரவாசத்துக்கான சிவப்பு ஐ.சி. கிடைத்தது. என் பி.எட். சான்றிதழ் நான் கொண்டுவந்த பெட்டியிலேயே இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கொடுப்பதை வாங்கிக்கொள்வேன்.

இங்கே நான் 'ஊர்க்காரி'. கோயிலில் பாத்திரம் கழுவும் இடத்தில்கூட, "அவங்க ஊர்க்காரங்க, அப்படித்தான்" என்று காதில் விழும். என் மகளே என் பேச்சைச் சினேகிதிகளிடம் நடித்துக்காட்டிச் சிரிப்பாள். ஊருக்குப் போனால் 'மலேசியாக்காரி'. கோடாலித் தைலம் எத்தனை பாட்டில் என்பதுதான் முதல் விசாரிப்பு.

அப்பா 2021 மே மாதம் கொரோனாவில் போய்விட்டார். ஏப்ரல் கடைசியிலேயே இந்தியாவிலிருந்து வருகிறவர்களை மலேசியா நிறுத்திவிட்டது. போனால் எப்போது திரும்புவேன் என்று தெரியாது, மகன் சின்னவன். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தம்பி போனைத் தூக்கிப் பிடித்தான், நான் பார்த்தேன். அவ்வளவுதான்.

அம்மா இப்போது தம்பி வீட்டில் இருக்கிறார். குடியுரிமை விஷயத்தை அவரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "அப்ப நீ இனிமே நம்ம நாட்டுப் பொண்ணு இல்லையா?" என்று கேட்டு அழுதார். தம்பி பெண்டாட்டி போனை வாங்கி, "இந்தியா பாஸ்போர்ட்ட விட்டுட்டா நிலத்துல பங்கு கிடையாதாம் அண்ணி, இப்பவே விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டா பின்னால சிக்கல் இல்ல" என்றாள். ஆறு மா நஞ்சை. அதை வைத்து நான் ஒன்றும் கோட்டை கட்டப்போவதில்லை. ஆனாலும் அன்றிலிருந்து வயிற்றில் ஏதோ பிசைகிறது.

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ என்ன பண்ணுவே?" என்று கணவர் முன்பெல்லாம் கேட்பார். இப்போது கேட்பதில்லை. "இத்தன வருஷம் கழிச்சும் உனக்கு இங்க இருக்க மனசில்ல" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவருடைய அத்தைப் பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது, இங்கே தோட்டத்தில் பிறந்தவர், இன்னும் சிவப்பு ஐ.சி.தான். நீல ஐ.சி.க்கு மனு எழுதி எழுதி ஓய்ந்துபோனவர். அவர் என்னைப் பார்த்து, "கையில கிடைச்சத வச்சிக்கிட்டு யோசிக்கிறியே தாயி" என்றார்.

வெளிநாட்டு வாழ்க்கையின் நல்லதையும் கெட்டதையும் தாளில் இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்தேன். சமமாகத்தான் வருகிறது. நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

அன்புள்ள சகோதரிக்கு,

உளவியல் ஆலோசகரின் வேலை இல்லை என்றாலும் சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். தவறான தகவல் கொடுத்த பயத்தை ஆறுதல் வார்த்தையால் போக்க முடியாது.

உங்கள் தம்பி மனைவி சொன்னது சரியில்லை. உங்கள் அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், அம்மா, தம்பி, நீங்கள் மூவருமே முதல் நிலை வாரிசுகள். பூர்விகச் சொத்தாக இருந்தாலும் மகளுக்கு மகனோடு சமபங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. தமிழ்நாடு 1989லேயே அதற்கு வழி செய்துவிட்டது. நீங்கள் எந்த நாட்டுக் குடிமகள் என்பதைப் பார்த்து இந்தப் பங்கு வருவதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றபின் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வாங்கியவர்கள் இந்தியாவில் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, ஆனால் வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். தம்பிக்கே விட்டுக்கொடுக்க மனமிருந்தால் தாராளமாகக் கொடுங்கள். அதற்கு முன் மன்னார்குடியில் நீங்களாகத் தேர்ந்தெடுத்த ஒரு வக்கீலைப் பாருங்கள். போனில் கேட்ட ஒரு வாக்கியத்துக்காகப் பத்திரம் எழுதாதீர்கள்.

இழப்பே இல்லை என்றும் சொல்லமாட்டேன். இரட்டைக் குடியுரிமையை இரண்டு நாடுகளும் ஏற்பதில்லை. இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, நீங்கள் மலேசியக் குடிமகளாகும் நாளில் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். பாஸ்போர்ட்டைக் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் ஒப்படைக்கவேண்டும். அங்கே ஓட்டுப் போட முடியாது. பதிவின்போது இந்நாட்டுக்கு வெளியே உள்ள எந்த நாட்டின் மீதான விசுவாசத்தையும் முற்றாகத் துறக்கிறேன் என்று உறுதிமொழி எடுக்கவேண்டும். அதை வாய்விட்டுச் சொல்லும்போது நெஞ்சு அடைக்கத்தான் செய்யும், அடைக்காதவர்களைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

இன்னொரு பக்கத்தை நீங்கள் பார்த்ததாகத் தெரியவில்லை. 2021இல் உங்களைக் கட்டிப்போட்டது எது? போக முடியுமா என்பதைவிட, போனால் பிள்ளைகளிடம் திரும்ப முடியுமா என்ற பயம். எந்தக் குடிமகனையும் நாட்டுக்குள் வரவிடாமல் தடுக்கக்கூடாது என்று மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு சொல்கிறது. அந்த உத்தரவாதம் நீல ஐ.சி.க்கு மட்டும்தான், சிவப்புக்கு இல்லை. அந்தப் பக்கம் ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் விசா இல்லாமல் போய், அம்மாவோடு எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருக்கலாம். (2020இல் ஓ.சி.ஐ.க்காரர்களையும் இந்தியா சில காலம் நிறுத்தி வைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அசாதாரணக் காலத்தில் எந்த அட்டையும் முழுப் பாதுகாப்பு இல்லை.) அம்மாவை விட்டுவிடுகிறோம் என்று நினைத்து நீங்கள் தள்ளிப்போடும் அதே மனு, நாளை அவர் படுக்கையில் விழுந்தால் பிள்ளைகளைப் பற்றிய பயமில்லாமல் விமானம் ஏற உங்களுக்கு உதவும்.

கணவரின் கேள்வியும் வெறும் மிரட்டல் இல்லை. உங்களுக்குத் திறந்திருப்பது அதே அரசியலமைப்பின் 15ஆம் பிரிவின் வழி. அது மலேசியக் குடிமகனின் மனைவிக்கு உரியது. அவர் இல்லாமல் போனால் அந்த வழி இருக்காது, பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து ஆண்டு இங்கே வசித்ததையும் மலாய் அறிவையும் காட்டிக் கேட்கவேண்டிய வேறு வழிக்குப் போகவேண்டும். மனு போட்டவுடன் முடிவு வந்துவிடாது, பலருக்கு வருஷக்கணக்கில் இழுக்கிறது. முடிவு வரும்வரை நீங்கள் இந்தியக் குடிமகள்தான்.

இவ்வளவும் தெரிந்தபிறகும் கை வராமல் போகலாம். ஏனென்றால் உங்களைத் தடுப்பது நல்லது கெட்டதின் கணக்கு இல்லை. அந்த இரண்டு பத்தியில் அப்பாவின் சாவை எந்தப் பத்தியில் எழுதினீர்கள்? கடிதத்தில் அதைச் சொல்லிவிட்டு 'அவ்வளவுதான்' என்று முடித்துவிட்டீர்கள். நான் அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் பாலீன் பாஸ், முடிவு தெரியாத இழப்பைப் பற்றி 1970களிலிருந்து எழுதிவந்தார். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று மனம் தீர்மானிக்க முடியாதபோது துக்கம் பாதியில் நின்றுவிடும், அதோடு மற்ற முடிவுகளும் நின்றுவிடும் என்பது அவர் கண்டது. புலம்பெயர்ந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்று அவரே சொன்னார். உங்கள் அப்பா இறந்தது அறிவுக்குத் தெரியும். ஆனால் முகம் பார்க்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, யாரையும் கட்டிப்பிடித்து அழவில்லை. இந்த நிலையில் இன்னொரு துறப்புக்குக் கையெழுத்துக் கேட்டால் கை மறுக்கத்தானே செய்யும்.

அதனால் என் யோசனை: கையெழுத்துக்கு முன் ஊருக்குப் போய்வாருங்கள். எஸ்.பி.எம். முடிந்ததும் மகளையும் கூட்டிக்கொண்டு தை அமாவாசைக்குப் போகலாம். தம்பி வேதாரண்யத்திலோ கோடியக்கரையிலோ அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கட்டும், நீங்கள் கூட நில்லுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். மகனுக்குப் பள்ளி இருந்தால் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். அந்தப் பயணத்தில் நிலப் பேச்சை எடுக்காதீர்கள், எடுத்தால் பிறகு பேசலாம் என்று எழுந்துவிடுங்கள். அம்மாவிடம் மட்டும் ஒன்று கேளுங்கள்: அவர் பயப்படுவது பாஸ்போர்ட்டுக்கா, கடைசிக் காலத்தில் மகள் வரமாட்டாளோ என்றா? இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் சொல்ல உங்களால் முடியும்.

போகும் முன் கணவரிடம் பேசவேண்டும். இத்தனை மாதமாக அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம், தன்னை இவள் முழுதாக ஏற்கவில்லை என்றே அவர் படித்துக்கொண்டிருக்கிறார். அப்பாவைப் பற்றி எனக்கு எழுதியதை அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அவர் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கமாட்டார்.

'ஊர்க்காரி' விஷயத்தில் எனக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் வருகிறது, அது எங்கள் ஆட்கள்மீது. நானும் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் தாத்தா பாட்டிகள் கங்காணி கூட்டிவந்து நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள். கூலிகளை இப்படி அனுப்புவதை 1938இல் இந்தியா நிறுத்திய பிறகும் ரஜூலா கப்பல் எழுபதுகள்வரை ஓடிக்கொண்டிருந்தது. முந்திக் கப்பலில் வந்தவன் பிந்தி விமானத்தில் வந்தவளைப் பார்த்து ஊர்க்காரி என்கிறான்! நீல ஐ.சி. வந்தாலும் இந்தப் பேச்சு நிற்காது, அதை எதிர்பார்த்து மனுப் போடாதீர்கள். மகள் நடித்துக்காட்டுவதை மட்டும் விடவேண்டாம். ஒருநாள் அவளை உட்காரவைத்து, அது உங்களுக்கு வலிக்கிறது என்று நேராகச் சொல்லுங்கள். பதினேழு வயதில் புரியும்.

அத்தைப் பாட்டியின் ஆதங்கம் நியாயமானது. சுதந்திரத்துக்குப் பிறகு பிறப்புப் பத்திரம் இல்லாமலும், மனுப் போடவேண்டும் என்று சொல்ல ஆளில்லாமலும் சிவப்பிலேயே தங்கிப்போன தோட்டத்து மக்கள் அநேகம் பேர். ஆனால் அவருக்குக் கிடைக்காததற்கு நீங்கள் பதில் சொல்லவேண்டியதில்லை. அவருடைய மனுவை எடுத்துக்கொண்டு மறுபடி ஒருமுறை தேசியப் பதிவு இலாகாவுக்குக் கூடப் போங்கள், அது உருப்படியான காரியம்.

நேரடியாகக் கேட்டதால் நேரடியாகச் சொல்கிறேன். ஊருக்குப் போய்வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். போய்வந்தும் மனம் வரவில்லையானால் போடாமலும் இருக்கலாம், சிவப்பு ஐ.சி.யோடு கௌரவமாக வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அப்போது கணவரிடம் 'வேண்டாம்' என்று வாய்திறந்து சொல்லுங்கள், தாளை மேசையில் கிடக்கவிடாதீர்கள்.

குடியுரிமையைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. வேலை செய்யக்கூடாது என்ற முத்திரை 2017லேயே போய்விட்டது. நிரந்தரவாசிக்குத் தனியார் துறையில் வேலை செய்யத் தடையில்லை. நீங்களோ அந்த முத்திரை இன்னும் இருப்பதுபோலவே வாழ்கிறீர்கள். எப்போது வேண்டுமானாலும் கிளம்பிவிடுவோம் என்று இருப்பவர்கள் எந்த ஊரிலும் வேர்விட்டு எதையும் தொடங்கமாட்டார்கள். வெளிநாட்டில் நெடுங்காலம் இருப்பவர்களிடம் நான் அதிகம் காணும் நஷ்டம் இதுதான், அதை உங்கள் இரண்டு பத்தியிலும் நீங்கள் எழுதியிருக்க வாய்ப்பில்லை. இந்தக் கையெழுத்துக்காகக் காத்திருக்காமல் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஈப்போவில் ஓரிரு தனியார் பள்ளிகளையும் டியூஷன் மையங்களையும் கேளுங்கள். சொந்தமாக மையம் வைக்க நினைத்தால் கல்வி இலாகாவில் பதிவும், கற்பிக்க அனுமதியும் வேண்டும், அதையும் விசாரியுங்கள். அதுவரை, வீட்டுக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோரிடம் அடுத்த மாதத்திலிருந்து ஒரு பிள்ளைக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று சொல்லி வாங்குங்கள்.