கள்ளத்தராசும் ஓய்வுநாளும்

கேள்வி: கோத்தகிரி அருகே ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். கிலோ கணக்கில் கூலி பேசி இரண்டு பெண்கள் கொழுந்து பறிக்க வருகிறார்கள். பசுந்தேயிலை வாங்கும் ஏஜென்ட், பிப்ரவரி வெயிலிலும் ‘ஈரம்’ என்று சொல்லி மூட்டைக்கு மூன்று கிலோ கழிக்கிறார். அவர் எங்கள் சபைக் குழுவிலும் இருக்கிறார். ஆயரிடம் சொன்னேன், சபைக்குள் அரசியல் வேண்டாம் என்றார். தீர்க்கதரிசிகளைப் போலத் தட்டிக் கேட்க என்னைப் போன்ற சாதாரண விசுவாசிக்கு உரிமை உண்டா?

பதில்: அன்புள்ள சகோதரரே, தீர்க்கதரிசனம் என்றாலே வரப்போவதைச் சொல்வது என்று கன்வென்ஷன் பந்தல்களில் கேட்டுப் பழகிவிட்டோம். பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி ஆமோஸும் வரப்போகும் அழிவைச் சொன்னவர்தான். ஆனால் அதற்குக் காரணங்களில் ஒன்றாக அவர் சுட்டிக்காட்டியது சந்தையில் தொங்கிய தராசை. கி.மு. 8ஆம் நூற்றாண்டில், இரண்டாம் யெரொபெயாம் இஸ்ரவேலை ஆண்ட செழிப்பான நாட்களில், ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று காத்திருந்த வியாபாரிகளைப் பற்றி அவர் சொன்னதை அவர் புத்தகத்தின் 8ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள்: மரக்காலைச் சிறிதாக்கினார்கள், எடைக்கல்லைப் பெரிதாக்கினார்கள், கள்ளத்தராசால் ஏமாற்றினார்கள், கோதுமையின் பதரையும் விற்றார்கள். உங்கள் ஏஜென்டின் மூன்று கிலோவும் அதே கணக்கில்தான் வருகிறது.

உரிமையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பெத்தேலின் ஆசாரியனாகிய அமத்சியாவும் ஆமோஸைப் பார்த்து, யூதா தேசத்துக்கு ஓடிப்போய் அங்கே பிழைத்துக்கொள், இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம் என்றுதான் சொன்னான். (கர்த்தருடைய ஸ்தலம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.) அதற்கு ஆமோஸ், தாம் தீர்க்கதரிசியுமல்ல, தீர்க்கதரிசியின் மகனுமல்ல, மந்தை மேய்த்துக் காட்டத்திப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவரைக் கர்த்தர்தான் அழைத்தார் என்று பதில் சொன்னார். காட்டத்திப்பழம் பொறுக்கியவர் பேசலாமென்றால், கொழுந்து விற்பவர் பேசக் கூடாதா?

எப்படிப் பேசுவது என்பதில்தான் எனக்குக் கவலை. எடுத்த எடுப்பில் குழுக் கூட்டத்தில் எழுந்து நிற்காதீர்கள். நாத்தான் தீர்க்கதரிசி, தவறு செய்த தாவீது ராஜாவிடம் நேரில் போய், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த ஐசுவரியவானின் கதையைச் சொல்லி, தீர்ப்பை ராஜாவின் வாயிலிருந்தே வரவழைத்தார். நீங்களும் ஒரு மாதம் ஒவ்வொரு மூட்டையையும் முத்திரையிட்ட தராசில் நிறுத்து, தேதியோடு நோட்டில் எழுதி, அந்த நோட்டோடு அவர் வீட்டுக்குப் போங்கள். அவர் திருந்தாவிட்டால் மற்ற விவசாயிகளோடு சேர்ந்து தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வரிடம் மனுக் கொடுங்கள். அதை அரசியல் என்று யார் சொன்னாலும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. ஆமோஸ் தம் புத்தகத்தைத் தமஸ்கு, காசா, தீரு என்று அயலாரின் பாவங்களில் தொடங்குகிறார், கேட்டவர்கள் தலையாட்டியிருப்பார்கள். அப்புறம் யூதா, கடைசியில் கேட்டுக்கொண்டிருந்த இஸ்ரவேலே. உங்கள் தோட்டத்துக்கு வரும் அந்த இரண்டு பெண்களுக்கும் கூலியைத் தோட்டத்தில் நிறுத்த எடைக்குத் தருகிறீர்களா, ஏஜென்ட் கழித்த எடைக்குத் தருகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை.