‘மூளையில் நீர் அதிகம்’ என்கிறது ஸ்கேன்: அப்பாவுக்கு ஆபரேஷன் தேவையா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 72. ஒரு வருடமாகக் கால்களை அகட்டி, பாதத்தைத் தரையோடு இழுத்து இழுத்து நடக்கிறார். பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் வேட்டி நனைந்துவிடுகிறது. மறதியும் கொஞ்சம் உண்டு. சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘வென்ட்ரிக்கிள்கள் பெரிதாகியுள்ளன, என்பிஎச் ஆக இருக்கலாம்’ என்று இருக்கிறது. ஒரு டாக்டர், வயதானால் மூளை சுருங்குவது சகஜம் என்கிறார். இன்னொருவர், எம்ஆர்ஐ எடுத்துவிட்டு ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டாமவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் எம்ஆர்ஐ மட்டும் ஆபரேஷனை முடிவு செய்துவிடாது.

மூளைக்குள் இருக்கும் வென்ட்ரிக்கிள் என்ற அறைகளில் ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டர் நீர் சுரந்து, ரத்தத்தில் உறிஞ்சப்படுகிறது. அது சரியாக வடியாவிட்டால் அறைகள் மெல்ல விரியும். முதுகில் ஊசி போட்டு அளந்தாலோ அழுத்தம் இயல்பாகவே இருக்கும். ரிப்போர்ட்டில் உள்ள என்பிஎச் இதுதான்: ‘நார்மல் பிரஷர் ஹைட்ரோகெஃபலஸ்’, அதாவது இயல்பு அழுத்த நீர்த்தேக்கம். கொலம்பியாவைச் சேர்ந்த மூளை அறுவை மருத்துவர் சாலமன் ஹாக்கிம் இதை விவரித்து, 1965இல் ரேமண்ட் ஆடம்ஸ் முதலானவர்களுடன் எழுதியபோது, ‘இயல்பு அழுத்த’ என்ற சொல் பெயரிலேயே சேர்ந்துகொண்டது.

சிக்கல் என்னவென்றால், மூளை சுருங்கினாலும் காலியான இடத்தை நீர் நிரப்பும், அறைகள் பெரிதாகவே தெரியும். ரிப்போர்ட்டில் ‘எவான்ஸ் இன்டெக்ஸ்’ என்று ஒரு எண் இருக்கிறதா பாருங்கள். முன்பக்க அறைகளின் அதிகபட்ச அகலத்தை, அதே படத்தில் மண்டையோட்டின் உள் அகலத்தால் வகுத்தால் வருவது அது. 0.3க்கு மேல் போனால் அறைகள் பெரிது, அவ்வளவுதான். நன்றாக நடமாடும் முதியவர்களிலும் இந்த எண் தாண்டியிருப்பதுண்டு. இதோடு நின்றுவிடும் ரிப்போர்ட்டை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை.

நான் முதலில் பார்ப்பது உச்சந்தலைப் பக்கத்தை. மூளை வெறுமனே சுருங்கியிருந்தால் அதன் மடிப்புகளுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் எல்லா இடத்திலும் அகன்றிருக்கும். என்பிஎச் என்றால் பக்கவாட்டில் காதுக்கு மேலே உள்ள பெரிய பிளவு அகன்றிருக்க, உச்சியில் மடிப்புகள் ஒன்றோடொன்று நெருக்கித் தெரியும். அடுத்தது, முகத்துக்கு நேராக வெட்டிய படத்தில் இரண்டு அறைகளுக்கும் நடுவே விழும் ‘வி’ வடிவக் கோணம். அது 90 டிகிரிக்குக் கீழே இறங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. இவை எல்லா நோயாளிகளுக்கும் இருந்தே தீரும் என்பதில்லை.

எம்ஆர்ஐக்கு வேறு வேலையும் இருக்கிறது. நீர் போகும் குறுகலான வழியில் அடைப்பு இருந்தால் அது வேறு நோய், வைத்தியமும் வேறு, முதுகில் நீர் எடுப்பது ஆபத்தாகவும் முடியலாம். அல்சைமரில் சுருங்கும் நினைவுப் பகுதியையும், சிறு ரத்தக்குழாய் பாதிப்பின் தழும்புகளையும் எம்ஆர்ஐ காட்டிக்கொடுக்கும். பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லுங்கள். எம்ஆர்ஐ எடுக்க முடியாது என்றாலும் சிடி ஸ்கேன் பதிவிலிருந்தே அந்த ‘வி’ கோணத்தை அளக்கலாம். அதனால் ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், ஸ்கேன் படங்கள் பதிவான டிஸ்க்கையும் கையோடு கொண்டுபோங்கள்.

படம் ஒத்துவந்தால் அடுத்து முதுகிலிருந்து 30 முதல் 50 மில்லி நீர் எடுத்து, நடை தேறுகிறதா என்று பார்ப்பார்கள். எடுப்பதற்கு முன்னும் பின்னும் அவர் நடப்பதையும் திரும்புவதையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். “பரவாயில்லை மாதிரி இருக்கு” என்ற வீட்டுப் பேச்சைவிட அது எங்களுக்கு நூறு மடங்கு உதவும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். ஒருமுறை நீர் எடுத்து மாற்றம் தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. சில நாள் குழாய் வைத்து நீரை வடித்துப் பார்ப்பதும் உண்டு. முழங்கால் தேய்மானம், முதுகுத்தண்டு நெருக்கம், பிராஸ்டேட் இவையும் இதே தொல்லைகளைத் தரும். அவற்றையும் விட்டுவிடக் கூடாது.

ஆபரேஷன் என்பது நீரை வயிற்றுக்குள் வடித்துவிடும் ‘ஷன்ட்’ குழாய் வைப்பது. பொதுவாக நடைதான் நன்றாகத் தேறும், மறதி அந்த அளவுக்குத் தேறாது. மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு, கிருமித்தொற்று என்ற ஆபத்துகள் உண்டு. காந்தத்தால் சரிசெய்யும் வால்வு வைத்தால், பிறகு எப்போது எம்ஆர்ஐ எடுத்தாலும் அதன் அளவு மாறிவிட்டதா என்று சோதிக்க வேண்டும். வால்வின் விவர அட்டையை பத்திரமாக வையுங்கள். அப்பா நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகும் ஸ்கேனில் அறைகள் பழையபடி பெரிதாகவே தெரியலாம். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்த ஸ்கேனை எடுப்பதே முக்கியமாக ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான்.