பல பேர் சேர்ந்து பயன்படுத்தும் நெட்வொர்க் வரைபட ஸ்கீமாவை எப்படி வடிவமைப்பது?

ஒரே நெட்வொர்க்கை ஆளுக்கொரு விதமாகக் குறித்து வைத்திருக்கிறோம், பொதுவான ஒரு வடிவத்துக்கு, அதாவது ஸ்கீமாவுக்கு, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட எங்கள் கதைதான்.

நான் இருப்பது மலேசியாவில், பெஸ்தாரி ஜெயா. ஒரு செம்பனை ஆலை, இரண்டு தோட்ட ஆபீஸ், ஒரு தமிழ்ப்பள்ளியின் கணினி அறை, இவற்றின் நெட்வொர்க்கை நாங்கள் மூன்று பேர் பார்த்துக்கொள்கிறோம். என்னிடம் எக்செல் இருந்தது, நண்பரிடம் கையால் வரைந்த படம் இருந்தது, மூத்தவரான அண்ணனுக்கு எல்லாம் மனப்பாடம். ஒரு நாள் சாயங்காலம் இடி விழுந்து ஆலையின் தண்ணீர்த் தொட்டி மேலிருந்த ரேடியோ (கேபிள் இல்லாமல் நெட்வொர்க்கை இணைக்கும் கருவி) கருகிவிட்டது. "தம்பி, நாளைக்குச் சம்பளம் போடணும், ஒண்ணும் ஓடல" என்று தோட்டத்துக் கிராணி (ஆபீஸ் எழுத்தர்) போன் செய்தார். அந்த ரேடியோவை நம்பி என்னென்ன இருக்கிறது என்று எங்களால் சொல்ல முடியவில்லை. பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டிதான் சுவிட்ச்; என் எக்செலில் 'கிளினிக் சுவிட்ச்' என்று இருந்தது, நண்பர் படத்தில் 'ஸ்டோர் சுவிட்ச்'. கிளினிக் எப்போதோ இடம் மாறி, அந்த அறை ஸ்டோர் ஆகியிருந்தது. இரண்டும் ஒரே பெட்டிதான் என்று புரிவதற்குள் ஒரு மணி நேரம் இல்லாத சுவிட்சைத் தேடினோம்.

அதனால் நான் முதலில் சொல்வது, பெயரையும் அடையாளத்தையும் பிரித்துவிடுங்கள். எங்கள் ஊருக்கே 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் பெயர், ஒட்டுக்கடையில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வார்கள். கணுவின் (வரைபடத்தில் ஒரு கருவியைக் குறிக்கும் புள்ளி, ஆங்கிலத்தில் நோட்) அடையாளம் 'க-017' மாதிரி எந்த அர்த்தமும் இல்லாத ஒன்றாக இருக்கட்டும், பெயர் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். ஐபி முகவரியையோ மேக் முகவரியையோ (கருவியோடு வரும் வன்பொருள் எண்) அடையாளமாக வைக்காதீர்கள். கருகிய சுவிட்சை மாற்றினால் மேக்கும் மாறிவிடும். 'கணு' என்றால் அந்தப் பெட்டியா, அது செய்யும் வேலையா? இதற்கு மட்டும் இரண்டு இரவு விவாதித்தோம். வேலைதான் கணு, பெட்டியின் சீரியல் எண் அதன் ஒரு பண்பு என்று முடித்தோம். சாமான் கணக்கு எடுப்பதுதான் உங்கள் நோக்கமென்றால் நேர்மாறான முடிவும் சரியாகலாம்.

அடுத்தது, அடிப்படை அமைப்பைப் புதிதாகக் கண்டுபிடிக்காதீர்கள். 2018 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 8345 என்ற இணையத் தர ஆவணத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். நெட்வொர்க் தரவின் அமைப்பை விவரிக்கும் யாங் (YANG) மொழியில் எழுதியது. நெட்வொர்க், கணு, இணைப்பு, இணைப்பு முடியும் புள்ளி, அடிப்படை இவ்வளவுதான். இணைப்பு கணுவோடு நிற்காமல் அந்தப் புள்ளியை, அதாவது கேபிள் செருகும் போர்ட் மாதிரியான இடத்தைத் தொடவேண்டும் என்பதை அங்கேதான் கற்றோம். அதில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு திசைதான், இருவழி என்றால் இரண்டு இணைப்பு. எதற்கு இந்த வெட்டி வேலை என்று சிரித்தேன். பிறகு பார்த்தால் ஆலைப் பக்கம் ரேடியோ இரைச்சல் அதிகம், ஆலைக்கு வரும் வேகம் ஆலையிலிருந்து போகும் வேகத்தில் பாதி. ஒரே எண்ணில் அதை எப்படி எழுதுவது?

அந்த ஆவணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அடுக்கு முறை. வீலேன் (ஒரே கேபிள்களின் மேல் தனியாகப் பிரித்த மெய்நிகர் நெட்வொர்க்) ஒரு நெட்வொர்க், கேபிளும் ரேடியோவும் இன்னொரு நெட்வொர்க். மேலே உள்ள ஒவ்வொன்றும் கீழே எதன்மேல் நிற்கிறது என்று சுட்டிக்காட்டும். அந்த ரேடியோவை நம்பி என்னென்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் அந்தச் சுட்டிகளில்தான் இருக்கிறது. ஒரே படத்தில் இரண்டையும் திணித்திருந்தால் கிடைத்திருக்காது.

அப்புறம், ஒவ்வொரு இணைப்புக்கும் 'எப்படித் தெரியும்' என்று ஒரு புலம் வையுங்கள். எல்எல்டிபி (கருவிகள் பக்கத்துக் கருவியிடம் தங்களை அறிவிக்கும் முறை) சொன்னதா, யாராவது கண்ணால் பார்த்ததா, திட்டத்தில் மட்டும் உள்ளதா? எல்எல்டிபி செய்தியை நடுவில் உள்ள சுவிட்ச் கடத்தக்கூடாது என்பது விதி. மலிவான சில சுவிட்சுகள் கடத்திவிடும். பள்ளிக்கூடத்தில் அப்படி ஒன்று மேசைக்கடியில் கிடந்தது, இரு பக்கத்துச் சுவிட்சுகளும் நேராகக் கோர்த்திருப்பதாகச் சத்தியம் செய்தன.

மற்றவை சின்ன விஷயம். ஜேசன் (JSON) என்ற எளிய உரை வடிவக் கோப்பு, மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் (Git), ஸ்கீமாவுக்கு ஒரு பதிப்பு எண், வேகத்தின் அலகைப் புலத்தின் பெயரிலேயே எழுதுவது. கட்டாயப் புலங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆட்கள் 'தெரியாது' என்றே நிரப்புவார்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இணைப்பு சுட்டும் கணு உண்மையிலேயே கோப்பில் இருக்கிறதா என்று ஜேசன் ஸ்கீமா (கோப்பின் வடிவத்தைச் சரிபார்க்கும் முறை) பார்க்காது. அதற்குச் சின்னதாக ஒரு பைதான் நிரல் எழுதிக்கொண்டோம். அண்ணனைத் தேத்தண்ணி வாங்கிக்கொடுத்து உட்காரவைத்து, அவர் தலையில் இருந்ததையெல்லாம் தட்டச்சு செய்து, நிரலை ஓட்டினோம். அவர் சொன்னதில் ஒரு பிழைகூட இல்லை. பிடிபட்டது நான்தான். என்னுடைய ஐந்து இணைப்புகள், நானே நீக்கிய கிளினிக் சுவிட்சை இன்னும் சுட்டிக்கொண்டிருந்தன.